கேள்வி கேட்காத கட்டம்

உளுந்து பாதி ஆடிக்கிட்டிருக்கறப்பத்தான் நங்கையா போன் பண்ணினாங்க. நங்கையான்னா எங்க ஊட்டுக்காரரோட அக்கா, வசந்தாமணி, பொள்ளாச்சியில குடியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில அவங்க கூப்பிடற பழக்கமே இல்லை, என்னமோ ஏதோன்னு மாவுக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு எடுத்தா, அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். அப்புறம் பார்த்தா அது சந்தோஷத்துல அழற அழுகை. கண்ணு கோகிலா, நீ நல்லா இருக்கோணும் சாமி, நான் வாய் திறந்து கேக்கவே இல்லையே, உனக்கு எப்படித் தோணுச்சுன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொல்றாங்க. எனக்கு என்ன தோணுச்சு? ஒண்ணும் பிடிபடலை, ம்ம், ம்ம்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன், கிரைண்டர் சத்தத்துல பாதி காதுல விழுகலை, நிறுத்தவும் தோணலை. அவங்க மக பவித்ராவுக்கு நர்சிங் காலேஜுல பணம் கட்ட நாளைக்குக் கடைசி நாளாமா. யாரைக் கேக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாங்களாமா. நேத்துச் சாயந்திரம் தம்பி போன்லயே இருபத்தெட்டாயிரம் அனுப்பிட்டாராமா. உனக்கு ஏதுடா இத்தனை பணம்னு இவங்க பதறிப் போயிக் கேட்டதுக்கு, கோகிலாதான் குடுக்கச் சொல்லிச்சு, அது சிறுகச் சிறுகச் சேர்த்து வெச்ச காசுன்னு சொன்னாராமா. இருபத்தெட்டாயிரம்னு காதுல விழுந்ததும் என் கை போய் கிரைண்டர் விளிம்பைப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் நங்கையா குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க, பக்கத்துல யாரோ இருந்திருப்பாங்க போல. "பொம்பளை சேர்த்து வெக்கற காசு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா கண்ணு. எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு." அந்த இடத்துல நான் சொல்லியிருக்கணும். எனக்கு எதுவுமே தெரியாதுங்க நங்கையா, நான் குடுக்கச் சொல்லலைன்னு சொல்லியிருக்கணும். என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "அதனால என்னங் நங்கையா, பவித்ரா நம்ம புள்ளைதானே." என் வாய்தான். யாரும் சொல்லிக் குடுக்கலை. போனை வெச்சுட்டு மறுபடியும் கிரைண்டர் பக்கத்துல பலகையைப் போட்டு உக்காந்துட்டேன்.

தண்ணி தெளிக்கணும். உளுந்து பொங்கி வரும்போது கையால அடிக்கடி தண்ணி தெளிக்கலைன்னா சூடேறிப் போயிடும், இட்லி கல்லு மாதிரி வரும். தெளிக்கறேன். குழவி சுத்துது, மாவு ஓரத்துல ஏறுது, நான் விரலால தள்ளி விடறேன், மறுபடியும் ஏறுது. இருபத்தெட்டாயிரம். இருக்காது, வேற கணக்குல இருந்து எடுத்திருப்பாரு. வேற எந்தக் கணக்கு? இருந்தா எனக்குத் தெரியாதா, மூணு மாசமா எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிக்கிட்டுத்தானே இருக்கோம், அவரோட டீக்காசுல இருந்து எங்க மக யாழினியோட டிராயிங் கிளாஸ் வரைக்கும். அந்தத் தாளைத் தேடிக் கண்டுபிடிச்சவளே நான்தான், அதுதான் வயித்தெரிச்சல். அவரு கேட்டாரா? கேட்கலை. மாசம் பாதி தாண்டினா அவரு கேக்கறது ஒண்ணே ஒண்ணு, காசெல்லாம் எங்க போச்சு? சட்டையைக் கழட்டிக்கிட்டே கேப்பாரு, என்னைப் பார்த்துக்கூடக் கேக்க மாட்டாரு, ஆணியில சட்டையை மாட்டிக்கிட்டு ஆணிகிட்டக் கேக்கற மாதிரி கேப்பாரு. நான் என்ன தின்னா தீர்த்தேன், எண்ணெய் விலை தெரியுமா, கேஸ் விலை தெரியுமான்னு வரிசையா சொல்லுவேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் திருடி மாதிரி தோணும். அந்த ஒரு கேள்வி நிக்கணும், அதுக்குத்தான் தேடினேன். கணபதி பஸ் ஸ்டாப்கிட்ட ஒரு புஸ்தகக் கடையில கேட்டேன், வீட்டுக் கணக்கு எழுதற மாதிரி புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து எழுதற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களான்னு. கடைக்காரரு ஒரு தடி நோட்டை எடுத்துப் போட்டாரு, உள்ள பற்று வரவுன்னு அரிசி மண்டிக்கு எழுதற மாதிரி கோடு கோடா இருந்துச்சு. போன்ல ஒரு ஆப்பைப் போட்டுப் பார்த்தேன், பாதி இங்கிலீஷு, வாரம் ஒருக்கா நீங்கள் அதிகம் செலவு செய்துவிட்டீர்கள்னு மணி அடிச்சுச் சொல்லுது, அதுக்கு இவரே பரவாயில்லைன்னு அழிச்சுட்டேன். என் சிநேகிதி மோகனப்பிரியா அவ ஆபீஸ்ல இருந்து ஒரு எக்ஸெல் தாளை அனுப்பி விட்டா, அதைத் திறந்தா எனக்குத் தலை சுத்துச்சு. கடைசியில ஒரு நாள் சாம்பாரைக் கிளறிக்கிட்டே வீடியோ பார்க்கறப்ப அது கிடைச்சுச்சு. தம்பதிகளுக்கான எளிய மாத பட்ஜெட். ஒரே பக்கம். மேல வர்றது, நடுவுல போறது, கீழ மிச்சம். அதுக்கும் கீழ ரெண்டு சின்னக் கட்டம், ஒண்ணுல கணவர், ஒண்ணுல மனைவி. கட்டத்துக்கு அடியில பொடி எழுத்துல, இது அவரவர் சொந்தப் பணம், இதில் கேள்வி கிடையாதுன்னு போட்டிருந்துச்சு. அந்த வீடியோவுல ஒரு பையனும் பொண்ணும் சோபாவுல ஒட்டி உக்காந்துக்கிட்டு, அந்தக் கட்டம்தான் எங்க குடும்பத்தையே காப்பாத்துச்சுன்னு சிரிச்சாங்க. நான் கரண்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சாம்பார் அடி பிடிச்சுப் போச்சு. கேள்வி கிடையாது. யாரோ எனக்குன்னே போட்ட கட்டம்னு நினைச்சேன், பைத்தியக்காரி. ஜெராக்ஸ் கடையில வருஷத்துக்கும் சேர்த்துப் பன்னெண்டு தாள் எடுத்துக்கிட்டு வந்தேன்.

முதல் தாளை எழுதினதும் ஒரு ஞாயித்துக்கிழமைதான், கறிச்சோறு சாப்பிட்டுட்டு. அவரு மாட்டேன்னுதான் சொல்லுவாருன்னு நினைச்சேன். பம்ப் செட் கம்பெனியில நாளெல்லாம் கணக்குத்தான் பார்க்கறாரு, வீட்டுலயுமான்னு கேப்பாருன்னு பதிலெல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அப்படி ஒண்ணும் ஆகலை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, பாய்ல சம்மணம் போட்டு உக்காந்து, குடு பார்க்கலாம்னு வாங்கினாரு. வாங்கிப் பார்த்துட்டு, எளிமையாத்தான் இருக்குதுன்னாரு. ஈஸ்வரமூர்த்தின்னு மேல பேர் எழுதறப்ப எழுத்து ஒவ்வொண்ணும் அழகா வந்துச்சு, சம்பளத்தை எழுதினாரு, ஓவர்டைம் எழுதினாரு, எனக்கு இத்தனை நாள் சொல்லாத போனஸ் மிச்சத்தையும் எழுதினாரு. நான் கேக்காமலே சொன்னாரு, மாசா மாசம் அக்காவுக்குக் கொஞ்சம் அனுப்பறேன், உங்கிட்டச் சொன்னதில்லைன்னு. சொல்றப்ப என் முகத்தைப் பார்க்கலை, பேனா மூடியைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. எனக்குக் கோபம் வரலை. அன்னிக்கு எனக்கு அவரு மேல வந்த பாசம் கல்யாணமான புதுசுலகூட வந்ததில்லை, சத்தியமாச் சொல்றேன். இந்த மனுஷன் எல்லாத்தையும் திறந்து வெக்கறாரு, நான் மட்டும் மூடி வெச்சா அது என்ன நியாயம்? எழுந்து போயி பீரோ மேல இருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கிட்டு வந்தேன். கடைசிப் பக்கத்துக்கும் கெட்டி அட்டைக்கும் நடுவுல இருந்த நோட்டையெல்லாம் உருவி அவரு முன்னால வெச்சேன். எல்லா நோட்டும் நசுங்கித் தகடு மாதிரி இருந்துச்சு. கல்யாண ஆல்பத்தை எவன் திறக்கறான், அதனால அங்க வெச்சேன்னு சொன்னேன். அடிப்பாவின்னு சிரிச்சாரு, ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். யாழினி உள்ள இருந்து ஓடி வந்து என்னம்மா என்னம்மான்னு கேட்டா. ரெண்டாவது கட்டத்துல என் பேரைப் போட்டு, இருபத்தெட்டாயிரம்னு அவரு கையாலயே எழுதினாரு. எதுக்குச் சேர்த்து வெச்சேன்னு கேக்கலை. தாள்லதான் போட்டிருக்குதே, கேள்வி கிடையாதுன்னு. கேக்கலைங்கறது அன்னிக்கு எனக்குப் பெருமையா இருந்துச்சு. உள்ளுக்குள்ள ஒரு மூலையில மட்டும், கேட்டா என்னவாம்னு இருந்துச்சு. கேட்டிருந்தா அன்னிக்குச் சொல்லியிருப்பேன். பத்து வருஷத்துக்கு மேல வாய்க்குள்ளயே வெச்சிருந்ததை அன்னிக்குச் சொல்லத் தயாராத்தான் உக்காந்திருந்தேன்.

உளுந்து ஆடியாச்சா? கிள்ளித் தண்ணியில போட்டா மிதக்கணும். போட்டுப் பார்த்தேன், மிதக்குது. சரி. சிறுவாடு, வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சுப் பொம்பளை ஒளிச்சு வெக்கற காசு. இந்தப் பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க, ஆனா சிறுவாட்டுக்கும் ஒரு முறை இருக்குது. பொம்பளைக்கு அது இருக்குதுன்னு ஆம்பளைக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கறதுதான் மரியாதை. எங்கப்பா பெரிய கோபக்காரர், அம்மாவை வையாத நாள் கிடையாது, ஆனா அந்தக் காசு விஷயத்துல மட்டும் அவரு நடந்துக்கிட்ட மாதிரி யாரும் நடந்துக்க முடியாது. ஒரு தடவை மோட்டார் காயில் போயி கிணத்துல தண்ணி எடுக்க முடியாம நின்னப்ப, சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, உள்ள காலை எடுத்து வெக்காம, ஏம்புள்ள, உங்கிட்ட ஏதாச்சும் இருக்குமான்னு கேட்டாரு. எங்கம்மா அரிசியைக் களைஞ்சுக்கிட்டே இருந்தாங்க, அவரு நின்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அம்மா உள்ள போயி எடுத்துக்கிட்டு வந்து குடுத்தாங்க. எங்க இருந்து எடுத்தாங்கன்னு அப்பா எட்டிக்கூடப் பார்க்கலை. தேங்காய் போட்டு வித்ததும் திருப்பிக் குடுத்தாரு, கூட ஒரு சேலையும் வந்துச்சு. கேட்டாரு, அவ்வளவுதான். படிக்காத மனுஷன், பட்ஜெட்டுன்னா என்னன்னே தெரியாது அவருக்கு. நானாத்தான் முட்டாள்தனம் பண்ணினேன். காசு அட்டைக்குள்ள சும்மா கிடக்குது, பேங்க்ல போட்டா வட்டியாவது வரும்னு இவரு சொன்னாரு. ரெண்டு பேரு பேர்லயும் இருக்கற கணக்குலயே போட்டுக்கலாம், தாள்ல உன்ற கட்டத்துலதானே இருக்குது, எங்க போயிடப் போவுதுன்னு சொன்னாரு. நான் போயி வரிசையில நின்னு என் கையாலயே கட்டிட்டு வந்தேன். அந்த கேஷியர் பையன் நசுங்கின நோட்டைப் பார்த்துட்டு, ஏனுங்கக்கா, இஸ்திரி போட்டுக் கொண்டாந்தீங்களான்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டே வந்தேன். வர்ற வழியில பஸ்ஸுல உக்காந்திருக்கறப்பவே மனசு லேசா அடிச்சுக்கிச்சு, ஆல்பம் வெறுமையா இருக்குதேன்னு. சீ, நீ என்னடி இப்படி நினைக்கறே, புருஷன் அவரு, பக்கத்து வீட்டுக்காரனா? எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அரிசியைப் போடணும். அந்தக் காசைச் சேர்க்க ஆரம்பிச்சது ஒரு சண்டையிலதான், சண்டை எதுக்குன்னு எனக்கு ஞாபகம் இல்லை. யாழினி அப்பத்தான் தத்தித் தத்தி நடக்கப் பழகியிருந்தா. ஏதோ சின்ன விஷயம், சாப்பாட்டுத் தட்டுல ஆரம்பிச்சு எங்கப்பா போட்ட நகையில வந்து நின்னுச்சு. போறதுன்னா போ, உன்னை யாரு புடிச்சு வெச்சிருக்கான்னு சொல்லிட்டு அவரு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிட்டாரு. எனக்குக் காதுக்குள்ள அந்தப் போ மட்டும் நின்னுச்சு. போறேன்னு சொல்லிக்கிட்டேன். வீடு பூராவும் தேடினேன், அவரு சட்டைப் பை, சாமி உண்டியல், பிரிட்ஜ் மேல கிடந்த சில்லறை. கிடைச்சதை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டு, டவுன் பஸ் ஏறி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்கம்மா ஊருக்குப் போற காங்கேயம் பஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு, என்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சு, கண்டக்டர் காங்கேயம் காங்கேயம்னு கத்திக்கிட்டிருந்தாரு. நான் படிக்கட்டுப் பக்கத்துல நின்னு முடிச்சை அவுத்து எண்ணறேன், பத்தலை. மறுபடி எண்ணறேன், பத்தலை. ஏறுறீங்களாம்மான்னு கேட்டாரு. இல்லைங்க, ஆளுக்காக நிக்கறேன்னு சொன்னேன். எந்த ஆளுக்காக? பஸ் கிளம்பிப் போச்சு. அடுத்த பஸ் வந்துச்சு, அதுவும் போச்சு. யாழினி பாலுக்கு அழுதா, டீக்கடையில ஒரு டம்ளர் பால் வாங்கி ஆத்திக் குடுத்தேன், அதுக்கு அப்புறம் கையில திரும்பி வர்றதுக்கு மட்டும்தான் காசு. எங்கம்மாவுக்கு போன் பண்ணலாம், எங்கண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போவான், ஆனா அப்புறம் அது ஊர்ப் பஞ்சாயத்து ஆயிடும், நான் ஒருத்தியா, என் காலால, யாருக்கும் சொல்லாமப் போயி நிக்கணும்னு நினைச்சேன், அது முடியலை. அன்னிக்குப் பட்ட அவமானம் அவரு என்னைத் திட்டினப்பகூட வரலை. இருட்டற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வெச்சேன். ஷிப்டு முடிஞ்சு வந்தவரு, பக்கத்து வீட்டுல சொன்னாங்க நீ வெளிய போயிட்டு வந்தேன்னு, கோயிலுக்குப் போனியான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொன்னேன். சோத்துல ரசத்தை ஊத்தினேன். அடுத்த மாசத்துல இருந்துதான் எடுத்து வெக்க ஆரம்பிச்சேன். நாலு வீட்டுக்கு மாவு ஆட்டிக் குடுத்ததுல கொஞ்சம், காய்கறியில பிடிச்சது கொஞ்சம், பழைய பேப்பர் போட்டதுல கொஞ்சம். காங்கேயம் பஸ்ஸுக்கு இத்தனை வேணுமா? வேண்டாம்தான். ஆனா நிறுத்த முடியலை. அதுக்கு அப்புறம் அவரு எத்தனையோ தடவை போன்னு சொல்லியிருக்காரு, எல்லாரும் கோபத்துல சொல்றதுதான், அப்பெல்லாம் எனக்கு உதடு நடுங்கலை. பீரோ மேல பார்ப்பேன், ஆல்பம் இருக்கும். நினைச்சா இந்த நிமிஷம் போவேன்யான்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன், போயி தோசைக் கல்லைப் போடுவேன். போறதுக்குக் காசு இருந்துச்சு, அதனாலதான் நான் போகலை. இதை யாருக்குச் சொன்னா புரியும்? நங்கையாவுக்குப் புரியும். அதுதான் எனக்குத் தாங்கலை. எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சுன்னு சொன்னாங்களே, அந்தக் குரல். அவங்க காசு எங்க போச்சோ, யாரு எடுத்தாங்களோ. புரிஞ்சவங்க கையிலதான் என் காசு இருக்குது, நாளைக்குக் காலேஜுல கட்டிருவாங்க.

அட ராமா, என்ன பண்ணி வெச்சேன். உளுந்தை வழிக்கவே இல்லை, அது மேலயே அரிசியைக் கொட்டியிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு நாளும் இப்படிப் பண்ணினதில்லை. அரிசி கறகறன்னு உளுந்துக்குள்ள முங்கிப் போவுது, இனி எப்படிப் பிரிக்கறது? பிரிக்க முடியாது, ஓடட்டும். வாடிக்கைக்காரங்க என்ன சொல்லுவாங்களோ, மல்லிகா அக்கா மாவைத் தொட்டுப் பார்த்தே சொல்லிடுவாங்க. கிடக்கட்டும். கறி வாங்கப் போனவரு வந்தா என்ன கேக்கறது? ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்படி ஆரம்பிக்கணும். அவரு என்ன சொல்லுவாரு? நம்ம காசுதானேன்னு சொல்லுவாரு. அக்கா என்ன அந்நியமான்னு கேப்பாரு. ஒரு புள்ளையோட படிப்பும்மான்னு சொல்லுவாரு, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? பவித்ரா இங்க வந்தா என் கூடவேதான் சுத்துவா, அத்தைக்குக் கால் வலிக்குதான்னு எண்ணெய் தேய்ச்சு விடுவா, அந்தப் புள்ளையோட ஃபீஸை நான் திருப்பிக் கேக்கறதா? கேட்டா நான் மனுஷியா? கேக்கலைன்னா நான் யாரு? எந்தப் பக்கம் போனாலும் முட்டுது. எனக்குப் பணம் போனது பெரிசில்லை, அப்படிச் சொன்னா அதுவும் பொய், பெரிசுதான், ஆனா அதைவிட அவரு அந்தப் பொய்யைச் சொன்னாரு பாருங்க, கோகிலாதான் குடுக்கச் சொல்லிச்சுன்னு. எடுத்தவரு எடுத்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். என்னை நல்லவளாக்கி வெச்சுட்டாரு. இனி நான் வாயைத் திறந்தா நல்ல பேரு போயிடும், திறக்கலைன்னா அந்தப் பொய்யில எனக்கும் பங்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பேனா? நங்கையா அழுதுக்கிட்டே கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இவரு சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னு, ஏம்புள்ள, பவித்ராவுக்கு ஃபீஸ் கட்டணும், உன்ற காசைத் தர முடியுமான்னு கேட்டிருந்தா, கொஞ்ச நேரம் மாவைத் தள்ளி விட்டுக்கிட்டு இருந்துட்டு, குடுத்திருப்பேன். குடுத்திருக்க மாட்டேனோ? அதுகூட எனக்கு இனித் தெரியப் போறதில்லை. அதையும் சேர்த்து எடுத்துட்டாரு. நேத்துச் சாயந்திரம் அனுப்பினாருன்னா, நான் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? அவருக்கு வெங்காய பஜ்ஜி போட்டுக் குடுத்தேன். போனைப் பார்த்துக்கிட்டே தின்னாரு. இன்னும் ரெண்டு போடட்டுங்களான்னு கேட்டேன். போடுன்னாரு. அப்பவா அனுப்பினாரு, பஜ்ஜி தின்ன கையாலயா? அந்த சோபாவுல உக்காந்திருந்த பையன், அவனும் இப்படித்தான் பண்ணியிருப்பானா? அந்தப் பொண்ணு இன்னும் சிரிச்சுக்கிட்டு இருப்பாளா? மாவுல கை வெச்சா சூடா இருக்குது, தண்ணி தெளிக்க மறந்துட்டேன்.

வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டுச்சு. செருப்பைக் கழட்டற சத்தம், அந்தச் செருப்பு ஒண்ணு மேல ஒண்ணு விழும், நான்தான் எடுத்து நேரா வெப்பேன். கறிப்பையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தாரு, கடையில கூட்டம், தொடைக்கறி கிடைக்கலை, நெஞ்செலும்பு போட்டு வாங்கியாந்திருக்கேன்னு சொன்னாரு. என் முகத்தைப் பார்த்தாரு. பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டாரு, பத்து பதினாலு வருஷம் கூட இருக்கற மனுஷன்தானே. அக்கா போன் பண்ணுச்சான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொன்னேன். கொஞ்சம் சிரிச்சாரு, யாழினிக்கு மிட்டாய் வாங்கிக்கிட்டு வர்றப்ப சிரிக்கற மாதிரி.

"எப்படியும் நீ குடுக்கத்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். அதான் உன் பேரையே சொன்னேன். அக்காகிட்ட உனக்குத்தான் நல்ல பேரு."

கிரைண்டரை நிறுத்தினேன். குழவி இன்னும் ஒரு சுத்து சுத்தி நின்னுச்சு. எத்தனையோ பேச்சு ஒத்திகை பார்த்து வெச்சிருந்தேன், அதுல ஒண்ணுகூட வரலை. பணத்தைப் பத்தியே பேச வரலை. அவரு அதுக்குள்ள ஆணியில இருந்து இந்த மாசத் தாளை எடுத்து, சாப்பிட்டுட்டு எழுதிரலாம், உன்ற கட்டத்துல இந்த மாசத்துல இருந்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக்கலாம்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. கட்டம் காலியா இருந்துச்சு. அதுக்கு அடியில அந்தப் பொடி எழுத்து அப்படியே இருந்துச்சு.

"யாழினி நடக்கப் பழகினப்ப ஒரு நாள் நாம சண்டை போட்டோம். நீங்க ஷிப்டு முடிஞ்சு வந்து, கோயிலுக்குப் போனியான்னு கேட்டீங்க."

எந்த நாள்னு யோசிக்கற மாதிரி புருவத்தைச் சுருக்கினாரு.

"நான் கோயிலுக்குப் போகலைங்க. புள்ளையைத் தூக்கிக்கிட்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். காங்கேயம் போற பஸ்ஸுக்குக் காசு பத்தலை. அதனாலதான் திரும்பி வந்தேன். அந்தக் கட்டத்துல இருந்தது அந்த பஸ்ஸுக்கு வெச்ச காசு."

சொல்லிட்டேன். இத்தனை நாள் எதைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேனோ அது இவ்வளவு சின்னதா, மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சு போற மாதிரிதான் இருந்துச்சு. அவரு தாளைப் பார்த்தாரு, அப்புறம் பீரோ மேல பார்த்தாரு, அப்புறம் என்னைப் பார்த்தாரு. அந்த முகத்தை நான் முன்னால பார்த்ததில்லை. நான் காத்துக்கிட்டு இருந்தேன். ஏன் போனேன்னு கேக்கலாம். எத்தனை நேரம் நின்னேன்னு கேக்கலாம். புள்ளை என்ன சாப்பிட்டான்னாவது கேக்கலாம். இன்னும் போகணும்னு இருக்குதான்னு கேக்கலாம், அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை, இருந்தாலும் கேக்கலாம். கையில இருந்த மாவு காய்ஞ்சு இழுக்க ஆரம்பிச்சுச்சு. கறிப்பையோட அடியில இருந்து சொட்டுச் சொட்டா ரத்தம் தரையில விழுந்துக்கிட்டிருந்துச்சு, அவரும் அதைப் பார்த்தாரு, நானும் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழிச்சு, கறியை எங்க வெக்கறதுன்னு கேட்டாரு.